ஒன்றரை சாக் எடுத்த பையனை அணி ஏன் எடுக்கிறது? வளர வேண்டிய பாஸ் ரஷ்ஷரை எடைபோடப் பழகுவோம்

2014 கல்லூரி சீசன் முழுக்க ஆடி டனீல் ஹன்டர் எடுத்தது ஒன்றரை சாக், அதாவது பந்தை எறியவிருந்த எதிரணிக்காரரை வீழ்த்திய கணக்கு. ஆடியது லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு, அமெரிக்கக் கால்பந்தில் நாட்டின் பெரிய கல்லூரிகளில் ஒன்று. ஆறடி ஐந்து அங்குல ஆள், நீண்ட கை, காற்று மாதிரி ஓட்டம், ஆனாலும் கணக்கில் ஒன்றரைதான். கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் 2015 டிராஃப்டில் மினசோட்டா வைக்கிங்ஸ் அவரை மூன்றாவது சுற்றில், 88ஆவது ஆளாக எடுத்தது. 2019 டிசம்பரில் அதே ஹன்டர் என்.எஃப்.எல். என்ற அமெரிக்கத் தொழில்முறை லீகில் 50 சாக்கை எட்டினார், அன்றைக்கு அவருக்கு வயது 25, கூட 40 நாள். 1982இல் சாக்கை அதிகாரபூர்வமாக எண்ணத் தொடங்கியதிலிருந்து அவ்வளவு இளம் வயதில் யாரும் அந்த எண்ணைத் தொட்டதில்லை.

இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் என்ன நடந்தது, அது வரப்போகிறது என்பதற்கான அறிகுறிகளை நாம் முன்னாடியே பார்த்திருக்க முடியுமா என்பதுதான் எனக்கு இந்த விளையாட்டிலேயே பிடித்த கேள்வி. புதிதாக என்.எஃப்.எல். பார்க்க ஆரம்பித்து, உங்கள் அணி யாரோ பெயர் தெரியாத ஒரு பையனை எடுத்துவிட்டு 'இவன் வளர்வான்' என்று சொல்லும்போது அதை எந்த அளவுக்கு நம்பலாம் என்று தெரியாமல் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அடிப்படை இரண்டு வரி. எதிரணியின் குவாட்டர்பேக் பந்தை எறிவதற்கு முன்னால் அவரிடம் போய்ச் சேர்வதுதான் பாஸ் ரஷ்ஷரின் வேலை. பந்தோடு இருக்கும் அவரை, ஆட்டம் தொடங்கும் கோட்டுக்குப் பின்னாலேயே மடக்கி வீழ்த்தினால் சாக், இரண்டு பேர் சேர்ந்து வீழ்த்தினால் ஆளுக்கு அரை. வரிசையின் ஓரத்தில் நின்று இதைச் செய்பவரை எட்ஜ் என்பார்கள், அவரைத் தடுக்க நிற்கும் 300 பவுண்டுக்காரர் ஆஃபென்ஸிவ் டாக்கிள். பந்து குவாட்டர்பேக்கின் கையில் இருப்பது பெரும்பாலும் இரண்டரை, மூன்று விநாடி. அதற்குள் எல்லாம் முடிய வேண்டும்.

வளர வேண்டிய ரஷ்ஷர் என்றால், உடம்பு தயார், தொழில் இன்னும் கைவரவில்லை என்று பொருள். இவர்களில் நிறையப் பேர் மூன்றாவது சுற்றுக்கு அப்புறம் வருவார்கள், சிலர் டிராஃப்டிலேயே எடுக்கப்படாமல் வருவார்கள். 53 பேர் கொண்ட பட்டியலில் கடைசி இடங்களிலோ, பயிற்சிக் குழுவிலோ இருப்பார்கள். சரி, இவர்களை எப்படிப் பார்ப்பது?

முதலில் சாக் எண்ணை ஓரமாக வையுங்கள்

தூக்கி எறியச் சொல்லவில்லை, ஓரமாக வைக்கத்தான் சொல்கிறேன். ஹன்டருக்குக் கல்லூரியில் கொடுத்த முதல் வேலை குவாட்டர்பேக்கைத் துரத்துவதல்ல. எதிரே நிற்கும் டாக்கிளைக் கையால் பிடித்து நிறுத்தி, பந்தோடு ஓட்டக்காரர் வரும் இடைவெளியை அடைத்து நிற்க வேண்டும். அந்த வேலையைச் செய்துகொண்டே அந்த சீசனில் அவர் 13 முறை எதிரணியைத் தொடக்கக் கோட்டுக்குப் பின்னாலேயே மடக்கினார். ஒன்றரையை மட்டும் பார்த்தால் வேலைக்கு ஆக மாட்டார் என்று தோன்றும், 13ஐயும் சேர்த்துப் பார்த்தால் இவர் எப்படியும் உள்ளே போய்விடுகிறார் என்று தெரியும்.

எதிர்ப்பக்கத்து உதாரணத்தையும் சொல்ல வேண்டும். வெர்னன் கோல்ஸ்டன் 2007இல் ஒஹையோ ஸ்டேட்டுக்காக 14 சாக் எடுத்தார், டிராஃப்டுக்கு முன் நடக்கும் உடல்திறன் சோதனையான காம்பைனில் 225 பவுண்டு எடையை 37 முறை தூக்கினார். நியூயார்க் ஜெட்ஸ் 2008இல் அவரை ஆறாவது ஆளாக எடுத்தது. மூன்று சீசன் ஆடினார், ஒரு சாக் கூட இல்லை.

அதனால் சாக்கை எண்ணாதீர்கள், ஒவ்வொரு சாக்கையும் பாருங்கள். அவரை யாராவது தடுத்தார்களா? தடுத்தது டாக்கிளா, தவறிப்போய் எதிரில் சிக்கிய சின்ன உடம்பு ரன்னிங் பேக்கா, அதாவது பந்தை ஏந்தி ஓடுபவரா? எத்தனை விநாடியில் போய்ச் சேர்ந்தார்? எறிய ஆள் கிடைக்காமல் குவாட்டர்பேக் ஐந்து விநாடி நின்றதால் கிடைத்த சாக், பந்து வாங்க வந்தவர்களை மூடி நின்ற நம் பின்வரிசைக்காரர்களின் உழைப்பு. பத்து சாக் எடுத்த ஒருவரை இப்படிப் பிரித்தால் அவராகவே சம்பாதித்தது நான்குதான் என்று வரலாம். அதே மாதிரி, ஒரு சாக்கும் இல்லாத ஆட்டத்தில் ஆறு தடவை குவாட்டர்பேக்கை அவசரப்பட வைத்தவரும் இருப்பார். அந்த ஆறு எனக்குப் பெரிது.

உடம்பு: சொல்லிக்கொடுத்து வராதவை

ஒரு பயிற்சியாளரால் எதையெல்லாம் கற்றுக்கொடுக்க முடியாதோ, அதெல்லாம் இந்தப் பையனிடம் ஏற்கெனவே இருக்க வேண்டும். இதைத் தாண்டிப் பெரிய விதி எதுவும் இந்த விஷயத்தில் இல்லை.

கை நீளம் ஒன்று. தோள் எலும்பிலிருந்து விரல் நுனிவரை அளப்பார்கள். 33 அங்குலத்துக்கு மேலே இருந்தால் நிம்மதி, ஹன்டருக்கு 34க்கும் மேல். யார் கை முதலில் எதிராளியின் நெஞ்சில் படுகிறதோ அவர்தான் அடுத்த ஒரு விநாடிக்கு எஜமான், அதற்காகத்தான் இந்த அளவு. உயரத்தையும் இதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். எல்விஸ் டூமர்வில் ஆறடி கூட இல்லை, நான்காவது சுற்றில் வந்தவர், ஆனால் உயரத்துக்குப் பொருந்தாத நீண்ட கை, 2009இல் 17 சாக். குட்டைக் கையோடு ஜெயித்தவர்களும் உண்டு. ஏய்டன் ஹச்சின்சனுக்கு 32 அங்குலத்துக்குச் சற்றுத்தான் மேலே, ஆனாலும் 2022 டிராஃப்டில் இரண்டாவது ஆளாகப் போனார். அவர் கல்லூரியிலேயே தொழில் கற்று முடித்துவிட்டு வந்தவர். இன்னும் கற்க வேண்டிய பையனுக்குக் கையும் குட்டை என்றால் நான் தயங்குவேன்.

அடுத்தது வேகம். 40 யார்டு ஓட்டத்தை டிவியில் பெரிதாகக் காட்டுவார்கள், ரஷ்ஷருக்கு அதில் முதல் பத்து யார்டு போதும். 1.6 விநாடியை ஒட்டி வந்தால் நல்லது. ஹன்டர் 252 பவுண்டோடு 40 யார்டை 4.57 விநாடியில் ஓடினார், அந்த எடைக்கு அது அபூர்வம். ஆனால் நான் முதலில் தேடுவது மூன்று கூம்பு ஓட்டத்தின் நேரத்தைத்தான். ஐந்து ஐந்து யார்டு இடைவெளியில் கூம்புகளை வைத்து வளைந்து வளைந்து ஓட வேண்டும், வேகத்தைக் குறைக்காமல் திரும்ப முடிகிறதா என்பது அதில் தெரிந்துவிடும். ஏழு விநாடிக்குள் முடிக்கும் எட்ஜ் ஆட்களின் பெயரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஈஸ்டர்ன் மிச்சிகன் என்ற சின்னக் கல்லூரியிலிருந்து நான்காவது சுற்றில் வந்த மேக்ஸ் கிராஸ்பி 6.89இல் முடித்தவர், 2019இல் முதல் சீசனிலேயே பத்து சாக். படுத்துக்கொண்டு எடை தூக்குவதை நான் பார்ப்பதே இல்லை, காரணம் கோல்ஸ்டன் பத்தியிலேயே இருக்கிறது.

வயதையும் பார்க்க வேண்டும். ஹன்டரை எடுத்தபோது அவருக்கு 20 வயது. 20 வயதில் பாதி கற்றவருக்கும் 24 வயதில் பாதி கற்றவருக்கும் நிறைய வித்தியாசம். இதற்கு ஒரு விலக்கு உண்டு. ஸிக்கி ஆன்ஸா கானா நாட்டின் ஆக்ரா நகரிலிருந்து யூட்டா மாநிலத்துக்கு, பிரிகம் யங் பல்கலைக்கழகத்துக்கு வந்தவர், 2010இல்தான் இந்த விளையாட்டுக்குள்ளேயே வந்தார். கல்லூரியில் மொத்தம் நாலரை சாக். டெட்ராய்ட் லயன்ஸ் 2013இல் அவரை ஐந்தாவது ஆளாக எடுத்தது, அப்போது அவருக்கு 24 ஆகப்போகிறது. முதல் வருடம் எட்டு, 2015இல் பதினாலரை. இப்படிப்பட்டவருக்குப் பிறந்த தேதியை விட, ஹெல்மெட் மாட்டி எத்தனை வருடம் ஆகிறது என்பதுதான் முக்கியம்.

ஒரே ஒரு ஸ்னாப்பை எடுத்துக்கொள்வோம்

தொலைக்காட்சி கேமரா பந்துக்குப் பின்னாலேயே போகும், அதை நம்பி ஒரு ரஷ்ஷரை எடைபோட முடியாது. 22 பேரும் தெரிகிற பயிற்சியாளர் காணொளி கிடைத்தால் அதைப் பாருங்கள், அதிலும் கோல்பக்கத்திலிருந்து எடுத்தது இருந்தால் அதுதான் வேண்டும். முழு ஆட்டம் வேண்டாம். பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு வாய்ப்புகளில் மூன்றாவது டவுன், எட்டு யார்டு பாக்கி, எதிரணி எறிந்தே ஆக வேண்டிய நிலைமை, அந்த மாதிரி ஒரு ஸ்னாப் எடுங்கள், ஸ்னாப் என்றால் ஒரு முறை பந்து அசைந்து நடக்கும் ஆட்டத்துண்டு. பந்தை மறந்துவிட்டு நம் ஆளை மட்டும் பாருங்கள்.

பந்து அசைகிறது. நம் ஆள் எப்போது அசைகிறார்? பந்தோடு சேர்ந்து கிளம்பினாரா, பக்கத்தில் இருப்பவர் கிளம்பியதைப் பார்த்துக் கிளம்பினாரா? அங்கேயே நிறுத்திப் பாதத்தைப் பாருங்கள். நிறையப் பையன்கள் முதல் அடியைப் பின்னால் வைத்துவிட்டு அப்புறம்தான் முன்னால் வருவார்கள். ஒரு அடி வீண், அதற்குள் டாக்கிள் இரண்டு அடி பின்னால் போய் நின்றிருப்பார். இது திருத்தக்கூடிய தப்பு. பந்து அசைந்ததே தாமதமாகத் தெரிகிறது என்றால் அதைத் திருத்துவது கஷ்டம்.

மூன்றாவது அடியில் இரண்டு பேரும் மோதுவார்கள். இங்கே கையைப் பாருங்கள். நம் ஆள் கையை ஓங்கியபடி வருகிறாரா, இடுப்போடு தொங்கவிட்டு நெஞ்சைக் கொடுக்கிறாரா? நெஞ்சைக் கொடுத்தால் கதை அங்கேயே முடிந்தது.

இப்போது வளைவு. குவாட்டர்பேக் ஏழு எட்டு யார்டு பின்னால் நிற்கிறார், நம் ஆள் டாக்கிளின் தோளைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். நல்ல ரஷ்ஷருடைய உள்பக்கத் தோள் தரையை நோக்கிச் சாயும், கணுக்கால் மடங்கும், உள்கால் விரல்கள் குவாட்டர்பேக்கைப் பார்த்துத் திரும்பும், மோட்டார் சைக்கிள்காரர் வளைவில் வண்டியைச் சாய்க்கிற மாதிரி. சாய முடியாதவர் நிமிர்ந்தபடியே ஓடுவார், டாக்கிள் ஒரு தள்ளு தள்ளினால் போதும், குவாட்டர்பேக்கைத் தாண்டி எங்கேயோ போய் நிற்பார். கணுக்கால் மடங்காத ஆளுக்கு வேறு எது இருந்தாலும் ஓரத்தில் நிற்பது கஷ்டம், அவரை வரிசையின் உள்ளே நகர்த்தத்தான் வேண்டியிருக்கும்.

இதே மாதிரி இருபது ஸ்னாப். ஒரு மணி நேரம் ஆகும், கண் பழகப் பழகக் குறையும்.

கையில் என்ன வித்தை இருக்கிறது

பெயர்களைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், மெதுவாகத் தெரியவரும். புல் ரஷ் என்றால் நேராக மோதி டாக்கிளைக் குவாட்டர்பேக்கின் மடியிலேயே தள்ளுவது. லாங் ஆர்ம் என்றால் ஒரே கையை நீட்டி நெஞ்சில் ஊன்றித் தள்ளுவது. சாப் என்றால் எதிராளியின் கையை வெட்டுகிற மாதிரி தட்டிவிடுவது. ஸ்விம், ரிப், ஸ்பின் என்று இன்னும் போகும். வளர்கிற பையனிடம் ஏழு வித்தை வேண்டாம், ஒன்றே ஒன்று நன்றாக வந்தால் போதும். அந்த ஒன்றை டாக்கிள் தடுத்துவிட்டால் அடுத்து என்ன செய்கிறார் என்பதுதான் கேள்வி. நின்றுவிடுகிறாரா, சட்டென்று உள்பக்கம் வெட்டி வருகிறாரா?

பழைய நட்சத்திர ரஷ்ஷர் டுவைட் ஃப்ரீனியின் ஸ்பின், அதாவது சுழன்று தப்பும் வித்தை, பிரபலமானது. சுழலத் தெரிந்தவர் எத்தனையோ பேர் இருந்தார்கள், ஃப்ரீனிக்கு வெளிப்பக்க வேகம் இருந்தது. அந்த வேகத்துக்குப் பயந்து டாக்கிள் அவசர அவசரமாக வெளியே நகர்வார், அந்த நகர்வில் உள்ளே திறக்கும் இடத்தில்தான் அவர் சுழன்றார். முதல் வித்தை பயமுறுத்தாவிட்டால் இரண்டாவது வித்தைக்கு வேலையே இல்லை.

இன்னொன்று, ஓட்டத்தைத் தடுக்கத் தெரியாத ரஷ்ஷருக்கு, எதிரணி பந்தோடு ஓட வாய்ப்புள்ள முதல் டவுனில் களத்தில் இடம் இருக்காது. ஒரு ஆட்டத்துக்குப் பதினைந்து ஸ்னாப் மட்டும் கிடைத்தால் வளர்வது எப்படி? கல்லூரியில் ஹன்டரின் சாக் எண்ணைக் குறைத்த அதே வேலைதான் மினசோட்டாவில் அவரைச் சீக்கிரம் களத்துக்குள் கொண்டுவந்தது என்று நான் நினைக்கிறேன்.

எந்த வீட்டுக்குப் போகிறார்

புதியவர்கள் அதிகம் விட்டுவிடும் படி இது. நல்ல விதையும் நல்ல நிலமும் என்று நம் ஊரில் சொல்வது இங்கே அப்படியே பொருந்தும். ஹன்டர் போய்ச் சேர்ந்த இடத்தில் எவர்சன் கிரிஃபன், பிரையன் ராபிசன் இருவரும் ஓரங்களில் ஏற்கெனவே நின்றிருந்தார்கள். முதல் நாளே தொடங்க வேண்டிய நெருக்கடி பையனுக்கு இல்லை. தடுப்பு வரிசைப் பயிற்சியாளராக ஆண்ட்ரே பாட்டர்சன் இருந்தார், அடிப்படையிலிருந்து கற்றுக்கொடுப்பதில் பெயர் வாங்கியவர். முதல் வருடம் ஆறு சாக், இரண்டாம் வருடம் பன்னிரண்டரை.

ஹாசன் ரெடிக்கின் கதை வேறு. டெம்பிள் பல்கலைக்கழகத்தில் ஓரத்தில் நின்று ரஷ் செய்தவரை அரிசோனா கார்டினல்ஸ் 2017இல் பதின்மூன்றாவது ஆளாக எடுத்து, பெரும்பாலும் வரிசைக்குப் பின்னால் உள்ளே நிற்கும் லைன்பேக்கராக ஆட வைத்தது. மூன்று வருடம் தடுமாறினார், கை கழுவிவிடலாம் என்கிற நிலை. 2020இல் மறுபடி ஓரத்துக்கு வந்தார், பன்னிரண்டரை சாக், அதில் ஐந்து நியூயார்க் ஜயன்ட்ஸுக்கு எதிரான ஒரே ஆட்டத்தில். அதனால் ஒரு பையன் சரியில்லை என்று முடிவு கட்டுவதற்கு முன்னால், அவரை எந்த இடத்தில் நிறுத்துகிறார்கள் என்று கட்டாயம் பாருங்கள்.

ஆகஸ்ட் மாதத்து மயக்கம்

பயிற்சி முகாமில் ரஷ்ஷரும் டாக்கிளும் ஒற்றைக்கு ஒற்றை மோதும் துண்டுகளைப் பார்த்து மயங்காதீர்கள். அங்கே டாக்கிளுக்குப் பக்கத்தில் உதவ ஆள் இல்லை, பந்து ஒரு விநாடியில் கை மாறப்போவதும் இல்லை, எல்லாமே ரஷ்ஷருக்குச் சாதகம். டிராஃப்டுக்கு வரும் கல்லூரி வீரர்களுக்காக அலபாமாவின் மொபீல் நகரில் நடக்கும் சீனியர் பௌல் பயிற்சிகளிலும் இதேதான். ஜெயித்தாரா என்பதை விட, முதல் முறை தோற்றவர் அடுத்த முறை வேறு ஏதாவது முயன்றாரா என்று பார்ப்பது பயன்படும்.

முன்சீசன் ஆட்டங்களில் கடிகாரத்தையும் பாருங்கள். நான்காவது கால்பகுதியில் எடுத்த இரண்டு சாக், இன்னும் பத்து நாளில் வேலையிழக்கப்போகும் டாக்கிளுக்கு எதிராக எடுத்ததாக இருக்கலாம். முதல் கால்பகுதியில் எதிரணியின் உண்மையான முதல் டாக்கிளை ஒரு தடவை தள்ளிச் சாய்த்திருந்தால், சாக் இல்லாவிட்டாலும் அதைக் குறித்து வையுங்கள்.

மூன்று வருடக் கணக்கு

பொறுமைக்கு ஒரு அளவு வேண்டும், அதற்கு நான் வைத்திருப்பது மூன்று வருடம். ட்ரே ஹென்ட்ரிக்சன் ஃப்ளோரிடா அட்லான்டிக்கிலிருந்து 2017இல் மூன்றாவது சுற்றில் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸுக்கு வந்தார். முதல் வருடம் 2 சாக், அடுத்து 0, அடுத்து 4.5, நான்காம் வருடம் 13.5. அப்புறம் சின்சினாட்டிக்குப் போய் 2023இலும் 2024இலும் தலா 17.5. கிரீன் பே பன்னிரண்டாவது ஆளாக எடுத்த ரஷான் கேரிக்கு 2, 5, 9.5. டென்வரின் நிக் பொனிட்டோவுக்கு 1.5, 8, 13.5. எடுக்கவே படாமல் வந்த ஷகீல் பேரட் டென்வரில் வான் மில்லருக்கும் டிமார்கஸ் வேருக்கும் பின்னால் வருடக்கணக்கில் காத்திருந்து, 2019இல் டாம்பா பே போய் பத்தொன்பதரை எடுத்து அந்த சீசனில் முதலிடம் பிடித்தார்.

எல்லாரும் இப்படி வருவதில்லை, நிறையப் பேர் முதல் வருட எண்ணிலேயே நின்றுபோகிறார்கள். ஒவ்வொரு வருடமும் ஒரு கேள்வி வைத்துக்கொள்ளுங்கள். முதல் வருடம்: களத்தில் இறக்கும் அளவுக்குப் பயிற்சியாளர்கள் நம்புகிறார்களா, பந்தை உதைக்கும் நேரத்தில் மட்டும் இறங்கும் அணிகளிலாவது? இரண்டாம் வருடம்: போன வருடம் இல்லாத ஒரு வித்தை கையில் வந்திருக்கிறதா? மூன்றாம் வருடம்: எதிரணி இவருக்காக ஏதாவது மாற்றிக்கொள்கிறதா, டாக்கிளுக்குத் துணையாக இன்னொருவரை அனுப்புகிறதா? இரண்டாம் வருடக் கேள்விக்கே 'இல்லை' என்று பதில் வந்தால் எனக்குக் கவலை வந்துவிடும், அது சாக் எண் ஐந்தாக இருந்தாலும் சரி. பின்னால் வைக்கிற அந்த வீண் முதல் அடி மூன்றாம் வருடமும் அப்படியே இருந்தால், அதற்கு மேல் நான் காத்திருக்க மாட்டேன்.

தொடங்க ஒரு வழி சொல்கிறேன். உங்கள் அணியில் முதல் வருட ரஷ்ஷர் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். செப்டம்பரில் ஒரு ஆட்டம், டிசம்பரில் ஒரு ஆட்டம், முடிந்தால் இரண்டும் ஒரே எதிரணியோடு, அதே டாக்கிளோடு. ஒவ்வொன்றிலும் இருபது பாஸ் ஸ்னாப். நோட்டில் நான்கு நெடுவரிசை போதும்: கிளம்பிய நேரம், முதல் அடி, கை, தடுத்த பிறகு என்ன செய்தார். டிசம்பர்ப் பக்கத்தை எழுதி முடிக்கும்வரை செப்டம்பர்ப் பக்கத்தைத் திறக்காதீர்கள்.